பீச்சாங்கை காதர்

காதர் செத்துவிட்டான். காலையில் அவன் மகன் போன் செய்து சொன்னான்.

எனக்கு எண்பத்தெட்டு வயது. அழுகை வரவில்லை... முதலில் வந்தது நிம்மதிதான்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஒரு சின்ன வாரப் பத்திரிகை. அதில் வந்த ராஜா கதைக்கு நானும் அவனும் படம் போட்டோம். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். கையெழுத்துப் போடும் வழக்கமெல்லாம் கிடையாது.

எனக்குக் குரு, மெட்ராஸ் பிளாட்பாரத்தில் வாங்கிய வெளிநாட்டு காமிக்ஸ். அவனுக்கு மகாபலிபுரத்துப் பாறைச் சிற்பம். ஞாயிறானால் நோட்டோடு பஸ் ஏறிப் போய், அதைப் பார்த்து வரைந்துகொண்டு வருவான். அவன் பக்கத்தில் மனுஷன், குரங்கு, யானை எல்லாம் கட்டத்தைத் தாண்டி நெருக்கியடித்து நிற்கும்.

என் பக்கத்தைப் பார்த்துச் சிரிப்பான். "இன்னா மச்சான், உன் ராஜா தொர மாரி தாடைய வச்சிகினு கீறாரு?"

வயிறு எரியும். சொன்னது உண்மையாயிற்றே.

ஒரு வாரம், காமிக்ஸில் ரொட்டி தின்னும் ஒருவனை டிரேஸ் எடுத்தேன். திருட்டு தெரியக்கூடாது என்று தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து எடுத்தேன். தலையில் கிரீடம், கீழே வாழை இலை. பல்லவ ராஜா ரெடி.

அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன்... ராஜா இடது கையால் சோறு தின்கிறார்.

வாசகர்கள் கடிதம் எழுதிக் கிழித்துவிட்டார்கள். எடிட்டர் இருவரையும் கூப்பிட்டார். "எவன்யா போட்டது? அவன் நாளைலேந்து வர வேணாம்."

காதர் இடது கையால் வரைகிறவன்.

"காதர்தான் சார்" என்றேன்.

"நான் இல்ல சார்" என்றான். எடிட்டர் அவன் கையைப் பார்த்தார். "பீச்சாங்கையில போட்றவன் வேற எப்டிய்யா போடுவான்?"

அவன் மேஜையில் விட்டுப்போன நோட்டை எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து என் கோடே மாறிப்போனது. "சார், உங்க ஸ்டைல்" என்று இங்கே என் படங்களுக்குக் கீழே நீங்கள் கமெண்ட் போடுகிறீர்களே, அது அங்கே பொறுக்கியதுதான்.

இரண்டு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"உன் யானைக்கெல்லாம் ஒரு கால்ல நகமே இல்லியே மச்சான். நோட்டுல நான் அத்த போட்ட அன்னிக்கு மழ வந்துச்சு, பாதில எந்திரிச்சு வந்துட்டேன். நீ ஒரு தபா கூட அந்தக் கல்ல போய் பாக்கலியா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

இன்று அவன் மகன் கேட்டான். "அத்தா போட்ட படம் ஒண்ணு கூட எங்க வூட்ல இல்ல சார். உங்ககிட்ட எதுனா கீதா?"

"இல்லப்பா" என்றேன்.

நோட்டு என் பீரோவில் இருக்கிறது. அந்தப் பையன் இதைப் படித்தாலும் சரி... தர மாட்டேன். அது போனால் எனக்கு வரைய வராது.

போய் வா, காதர்.