இரண்டு மானிட்டருக்கு வந்த சோதனை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து போன் வந்திருந்தது. நாங்கள் கேட்ட இரண்டு மானிட்டரும் வந்துவிட்டன, நேரில் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே முப்பத்துநாலு அங்குல அல்ட்ராவைடு, இரண்டுமே ஓஎல்இடி, இரண்டுமே லேசாக உள்பக்கம் வளைந்தவை. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோதுகூட எனக்கு இப்படிப் படபடப்பு இருந்ததில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடும் பைத்தியங்கள். அவருக்கு ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி, எனக்கு வல்லம் வடகாலில் போன் கம்பெனி. ஷிப்ட் ஒத்துவருகிற வாரங்களில் பென்னலூர் வீட்டில் ஒரே ரேஸ்தான், ஒரே சண்டைதான். பழைய மானிட்டரில் திரையை மேலும் கீழுமாகப் பிரித்து ஆடினால் ஆளுக்கு ஒரு பட்டை கிடைக்கும். வளைவு வருவது தெரிவதற்குள் வண்டி வேலியில் இருக்கும். அகலத் திரை என்றால் இடது பாதி எனக்கு, வலது பாதி அவருக்கு. போனஸ் வந்த அன்றே முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் கிளம்பும்போதே எனக்குள் ஒரு பயம். கம்பெனியில் என் வேலை போன் திரையைப் பார்ப்பது. படத்தை அல்ல, படத்தில் இருக்கும் குறையை. புள்ளி, கோடு, கறை, தூசி. வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கண் ஷிப்டை முடிக்காது. புது பிரிட்ஜையே திருப்பி அனுப்பியவள் நான். சுவர்ப் பக்கம் போகிற அதன் முதுகில் ஒரு கீறல், அவ்வளவுதான். தியேட்டரில் திரையின் மூலையில் இருந்த கறையைப் பார்த்துப் பார்த்தே ஒரு முழுப் படத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன். “நீ ஒரு பொருள வாங்கி சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்லடி” என்று அவர் ஒருநாள் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ரசிக்கிற கண்ணே எனக்குப் போய்விட்டதா? ஆசை ஆசையாக வாங்கப் போகும் இதையும் நானே கெடுத்துக்கொண்டால், அப்புறம் எதைத்தான் வாங்கி எதற்கு?

கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தை ஓடவிட்டார். இருட்டுக் கடல், மேலே வாணவேடிக்கை. அடேயப்பா! கறுப்பு என்றால் அதுதான் கறுப்பு. ஒவ்வொரு பொறியும் தனித்தனியாகத் தெரிந்தது.

“சூப்பரா கீது இல்ல?” என்று என் வீட்டுக்காரர் தோளை இடித்தார்.

சூப்பராகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் என் கண் டியூட்டியில் ஏறிவிட்டது. ஒன்று கண்ணாடி மாதிரி பளபளப்பு. நிறமெல்லாம் அள்ளுகிறது, ஆனால் கடை விளக்கு பட்டால் கறுப்பு லேசாகக் கத்தரிப்பூ நிறத்துக்கு ஓடுகிறது. இன்னொன்றில் பளபளப்பு இல்லாத பூச்சு. எந்த விளக்கு பட்டாலும் கறுப்பு கறுப்புதான், ஆனால் வெள்ளைப் படம் வந்தால் ரவை தூவியது போல ஒரு சொரசொரப்பு.

“அண்ணா, ரெண்டுலயும் ஃபுல்லா கிரே போடுங்க. லைட்ட ஆஃப் பண்ணுங்க” என்றேன்.

போட்டார். இரண்டிலுமே மேலிருந்து கீழாக மங்கலான கோடுகள்.

“இதுல கோடு கீது. அதுலயும் கீது.”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “எனக்கு ஒண்ணுமே தெர்லியேம்மா.”

“லிமிட் சாம்பிள் இல்லீங்களா?”

எங்கள் லைனில் அப்படி ஒன்று உண்டு. இவ்வளவு குறை வரை பாஸ், இதைத் தாண்டினால் ரிஜெக்ட் என்று காட்டுவதற்காகவே ஒரு பீஸை வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

“அதெல்லாம் கடையில ஏதும்மா?” என்றார் கடைக்காரர். “யாராச்சும் வூட்ல உக்காந்துகினு வெறும் கிரேவ பாப்பாங்களா?”

இவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இல்லை, என் மேல்தான். “ரெண்டுமே வேணாம்” என்று வெளியே வந்து நின்றேன். சர்வீஸ் ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று போனது. அதன் கண்ணாடியில் இருந்த விரிசலைத்தான் முதலில் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது.

“ஏய், உள்ள வா” என்று இவர் கூப்பிட்டார்.

போனேன். நாற்காலிகளுக்கு நேராக ஒரு மானிட்டர்தான் இருந்தது. மற்றதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். எங்கள் ரேஸ் திரையில் தயாராக நின்றது. எனக்குத் தெரியாமல் பையில் போட்டுக் கொண்டுவந்த கன்ட்ரோலர்களில் ஒன்றை இவர் என் மடியில் வைத்தார்.

“பாக்காத. ஆடு. தோத்தா இன்னிக்கு பாத்திரம் நீதான்.”

பதில் சொல்ல நேரம் கொடுக்கவில்லை, பொத்தானைத் தட்டிவிட்டார். மலைப்பாதை, மழை, இருட்டு. வளைவு தெரிகிறது! வருவதற்கு முன்பே தெரிகிறது! பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் திருப்பினேன், வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. இவர் உள்பக்கமாகப் புகுந்து என்னைத் தாண்டினார். “போங்காட்டம்!” என்று கத்தினேன். “ரோடு இன்னா உன்துதா?” என்று இவரும் கத்தினார். கடைக்காரர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “யம்மா வுடாத, வுடாத, முன்னாடி பாலம் கீது!” என்று குதித்தார். பாலத்தில் விளக்குகள் ஈரத் தரையில் உருகி ஓடின. இவர் தடுமாறிய அந்தக் கடைசி வளைவில் நான் நூலிழையில் புகுந்து கோட்டைத் தாண்டினேன். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“இதான்! பில் போடுங்கண்ணா!”

கடைக்காரர் மேசைக்குப் போனார். “எதும்மா? பளபளப்பா இருந்துச்சே, அதுவா? இல்ல அந்த சொரசொரப்பா?”

வாயைத் திறந்தேன். இவ்வளவு நேரம் எதில் ஆடினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. புரிந்ததும் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், ஒரே பார்வையில் எது என்று சொல்லிவிடுவேன்.

திருப்பவில்லை. “நாங்க ஆடுனோமே, அதாண்ணா” என்றேன்.