ஜெட்டுக்கு இரண்டாம் பெயிண்ட்

எங்கள் வீட்டு ஹாலில் சோபா கிடையாது. சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது அடி நீளத்துக்கு ஒரு ஜெட் விமானம் படுத்திருந்தது. மாடல்தான், ஆனால் பொம்மை இல்லை. பைபர் உடம்புக்குள்ளே குட்டியாக ஒரு நிஜ டர்பைன் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடும், கையிலிருக்கும் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டுப் பறக்கும். பறக்க வேண்டும். நாலு வருஷச் சனி ஞாயிறுகளைக் கொட்டி நானே கட்டியது. அயனம்பாக்கத்தில் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. வேலைக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. பறக்கும்போது வந்து பாருங்கள் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். என் கணவர் மட்டும் கேட்பதை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கப் பழகிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது பெயிண்ட். அதை அப்பாவிடம் விட்டேன். அப்பா ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்து அதிலேயே ரிடையர் ஆனவர். ரிடையர் ஆன பிறகு டிவி செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவதுதான் அவருக்கு முழுநேர வேலை. நான் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டினார். ஏரிப்பக்கமிருந்து சாயங்காலம் கிளம்பும் பூச்சி ஈரப் பெயிண்ட்டில் ஒட்டும் என்று மதியத்தோடு வேலையை முடித்துக்கொள்வார். அந்த மாதம் எனக்கு ஆபீசில் தலைக்கு மேல் வேலை. மாடி ஏறிப் பார்க்க நேரமில்லை. முடிந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரை வராதே என்று அவரும் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், முகம் பார்க்கக்கூடிய பளபளப்பு. கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் கையை வைத்துத் தடவினேன். கை வழுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் உறைத்தது. நிஜ ஜெட்டில் தகடும் தகடும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடுகளை எல்லாம் உடம்பு முழுக்க நான் ஊசியால் கீறி வைத்திருந்தேன். ஒன்றுகூட இல்லை.

"ஒடம்பெல்லாம் கீறலா கெடந்துச்சும்மா. பட்டி வச்சி எல்லாத்தையும் அடைச்சிட்டேன்" என்றார் அப்பா. குரலில் அவ்வளவு பெருமை.

ராணுவ வண்டிக்கு அடித்தே பழகிய கை. பாலைவன மணலில் புரண்டாலும் பெயிண்ட் பெயரக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த வேதம். பிரைமர், பட்டி, தேய்ப்பு, மறுபடி பிரைமர், அதற்கு மேல் கலர், அதற்கும் மேல் பளபளப்புக்கு ஒரு பூச்சு என்று குறைவில்லாமல் செய்திருந்தார். டாங்கிக்கு எடை ஒரு பொருட்டா?

எனக்கு அதுதான் உயிர். இறக்கைக்கு அடியில் குறித்து வைத்த புள்ளியில் இரண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினால், விமானத்தின் மூக்கு இலேசாகத் தாழ வேண்டும். நானும் கணவரும் தூக்கினோம். பெயிண்ட் கனத்தில் வால் தொப்பென்று விழுந்தது. வால் கனத்த விமானம் மேலே போனால் சொன்ன பேச்சைக் கேட்காது, குப்புற வந்து விழும். எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்கத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"இன்னாக்கா, ஏரோப்ளேன எடைக்குப் போடப் போறியா? இத்தெல்லாம் நா வாங்கறதில்ல" என்றார் கடைக்காரர்.

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. மூக்கில் ஈயம் வைத்துச் சரிக்கட்டலாம், ஆனால் அந்தக் கனத்தோடு அது தரையை விட்டே கிளம்பாது. பெயிண்ட்டை உரிப்பது ஒன்றுதான் வழி. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கணவர் தயங்கினார். எனக்குச் சுற்றி வளைக்க வராது. இந்தப் பெயிண்ட்டோடு இது பறக்காதுப்பா என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

அப்பா வாலின் பளபளப்பைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். பிறகு, "பறக்காட்டி என்ன? ஹால்ல வச்சா அழகாத்தானே இருக்கும்" என்றார்.

கோபம் தலைக்கேறியது. ஹாலில் வைக்கவா நாலு வருஷம் சோபா இல்லாமல் இருந்தோம் என்று கத்திவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆவடிக்குப் பஸ் ஏறிவிட்டார். போனை எடுக்கவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விமானத்தை ஷோகேஸ் பொம்மையாக்க மனசு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை உப்புத்தாளோடு மாடிக்குப் போனேன். முதலில் வால். அந்தப் பளபளப்பின் மேல் முதல் இழுப்பு இழுக்கும்போது கை கூசியது. ஆனாலும் இழுத்தேன். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. மதியம்வரை தேய்த்தும் உள்ளங்கை அகலம்தான் போயிருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. சமாதானம் பேச வந்தவராகத் தெரியவில்லை. நான் தேய்த்த இடத்தைக் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"தண்ணி தொடாம தேய்க்காத. பைபர் போயிடும்" என்றார்.

பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து வாலின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவர் என்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. தப்பாக நடக்கும் வேலையை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தேய்த்தோம். பல சனி ஞாயிறுகள் அப்படியே போயின. பிடிவாதத்தில் நான் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். கோடுகளை அடைத்த பட்டியைக் கோணி ஊசியால் அவரே ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார்.

மறுபடி அடிக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். ஒரே பூச்சு, அதுவும் பனி படிந்த மாதிரி. அடிவரைக்கும் தெரியுதே, இதுக்குப் பேர் பெயிண்ட்டா என்று முனகிக்கொண்டேதான் அடித்தார். ஆனால் கை எங்கும் ஒரு பூச்சைத் தாண்டவில்லை. முடிந்ததும் நான் கேட்காமலே இறக்கைக்கு அடியில் விரலை வைத்தார். மறுபக்கம் நான் வைத்தேன். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திருவள்ளூர் தாண்டி, அனுமதி வாங்கிய ஒரு மைதானத்தில் பறக்கவிட்டோம். டர்பைன் ஊளையிட்டது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு சக்கரங்களுக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ரிமோட்டைப் பிடித்தபடி கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குக் கண்ணு எட்டலம்மா. பெயிண்ட்டு திட்டுத்திட்டா தெரியுதா?"

"பெயிண்ட்டே தெரியலப்பா. பறக்கறதுதான் தெரியுது."

"அப்ப சரி" என்றார் அப்பா.