தேன்மொழி கண்ட ஒளிப்புள்ளிகள்

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கீரமங்கலத்திலிருந்து தேன்மொழியின் தம்பி செல்வம் அழைத்தார். “சார், அக்கா போயிட்டாங்க.” எங்கள் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் தேன்மொழி மறைந்துவிட்டார்.

புதுக்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் இயற்பியல். அவர் ஆராய்ந்தது, உயிரணுவைப் போர்த்தியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தை. அதில் சில மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்க வேண்டியவை சில வேளைகளில் ஏன் ஓரிடத்தில் திரள்கின்றன? இந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை.

ஒருநாள், ஒளிரும் சாயம் ஏற்றிய அந்த மூலக்கூறுகள் திரண்டு நுண்ணோக்கியில் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன. “சார், ஓடி வாங்க! எதுவும் போடல, தானாவே சேந்துருக்கு!” என்று வராந்தாவுக்கே வந்து கூவினார். கருத்தரங்கு ஒன்றில் பேச அழைப்பும் வந்தது. கிளம்பும் முன் ஏனோ நீரின்மீது ஐயம் எழ, வெளியிலிருந்து தூய நீர் தருவித்து மறுபடி செய்து பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் ஆய்வக நீரில் மிஞ்சியிருந்த, நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம்தான் அவற்றை இழுத்துச் சேர்த்திருக்கிறது.

“போகாம இருந்துடுங்களேன் மேடம்” என்றேன்.

“வாரேன்னு சொல்லிட்டேன், போறேன். தப்பத் தப்புன்னு சொல்லவும் ஒரு ஆளு வேணும்ல சார்?”

மேடையேறி அதைத்தான் சொன்னார். சிலர் சிரித்தார்களாம். திரும்பி வந்ததும், எவ்வளவு கால்சியம் சேர்த்தால் அவை திரள்கின்றன என்று சிறுகச் சிறுக அளக்கத் தொடங்கினார். அந்த நாட்களில்தான் புற்றுநோய் தெரியவந்தது. தஞ்சாவூரில் சிகிச்சை முடிந்த கையோடு, முடி கொட்டிய தலையைத் துணியால் மூடிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்.

அந்த அளவீடுகளை எழுதி அனுப்பியிருந்த கட்டுரை ஆய்விதழில் ஏற்கப்பட்ட செய்தி வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. செல்வம் காதருகே குனிந்து வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டதா, தெரியவில்லை.

துக்கத்துக்குப் போன என்னிடம் அவருடைய தாயார், “எம்மவ அப்புடி என்னதான் சார் பாத்தா?” என்று கேட்டார். தேன்மொழி நுண்ணோக்கியில் கடைசியாக எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதப் பெருசாப் போட்டுக் குடுங்க. வர்றவங்க எல்லாம் அவ மொகத்தையே பாத்து அழுவுறாங்க. அவ பாத்ததையும் பாக்கட்டும்.”

கருமாதியன்று, மாலையிட்ட அவர் படத்துக்குப் பக்கத்தில் கரிய பரப்பில் அந்தப் பச்சைப் புள்ளிகள். உறவுக்காரப் பெண்கள் குனிந்து பார்த்து என்னவென்று கேட்டார்கள். “எம்மவ கண்டுபுடிச்சது” என்றார் தாயார்.

உங்களுக்கு விடைகொடுக்க மனம் வரவில்லை, மேடம். ஆனாலும் கொடுக்கிறேன்.