வழிமொழிய வந்தவர்

தேனியில் நடந்த பாப்டிஸ்ட் சபைகளின் ஆண்டுக் கூட்டத்தில்தான் அவரைச் சந்தித்தேன். கோம்பையிலுள்ள எங்கள் சின்னச் சபைக்கு இனிமேல் தனிப் போதகர் கிடையாது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அதை எதிர்த்து நான் ஒரு தீர்மானம் கொண்டுபோயிருந்தேன். வழிமொழிய ஒருவர் எழுந்தால்தான் அது ஓட்டுக்குப் போகும்.

அவர் வடுகபட்டிச் சபையின் பிரதிநிதி. வெள்ளை ஜிப்பா, மை பூசிய மீசை. யார் என்ன பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென், ஆமென்" என்று முணுமுணுப்பார். காலை இட்லிப் பந்தியில் என் தோளில் கைவைத்து, "நீங்க தைரியமா வாசிங்க தம்பி, நான் எந்திரிக்கிறேன். உங்க போதகர் எம் மக கல்யாணத்துக்கு வந்து ஜெபம் பண்ணுனாக, அத மறப்பனா?" என்றார்.

வாசித்து முடித்தேன். "வழிமொழிகிறவர் உண்டா?" என்று தலைவர் கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன, உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தலைவர் மறுபடியும் கேட்டார். ஒருவரும் எழவில்லை. தீர்மானம் தள்ளுபடியானது.

மதியச் சாப்பாட்டில் அவரைப் பிடித்தேன். "ஏண்ணே எந்திரிக்கல?"

"யாராச்சும் எந்திரிக்கணுமேன்னுதான் தம்பி, அந்நேரம் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

அவர் முகத்தில் பொய்யே இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.