இரண்டு கதவுக் கார்

இனிமேல் எந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் காபித் தட்டோடு வந்து நிற்கப்போவதில்லை என்று அத்தை அறிவித்துவிட்டாள். கடைசியாக வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, பெண்ணுக்கு வயது ஜாஸ்தி என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த அத்தை, அதற்கப்புறம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. அந்த வருத்தமெல்லாம் என் வரைக்கும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, "வேங்கிக்கால்ல பழைய அமெரிக்கா கார் ஒண்ணு விலைக்கு வந்திருக்குதாம். எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

"கார்தானே?" என்று அத்தை அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கார்தாம்மா."

ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடவே யோசிக்கும் அப்பா கார் வாங்கப்போகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போய்ப் பார்த்தால், அது கார் இல்லை, கப்பல். மயில் கழுத்து நீலம். அத்தனை வயதான வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சொந்தக்காரர் கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். அவருடைய அப்பா ஆசையாக வைத்திருந்த வண்டியாம். அவர் போனபிறகு நிறுத்த இடமில்லாமல் விற்கிறாராம்.

"ஒரு ரவுண்டு போலாங்களா?" என்றார்.

அவ்வளவு நீளத்துக்கும் இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கி, அப்பாவும் அம்மாவும் அவசரமாகப் பின்னால் ஏறி, நடுவில் என்னைச் செருகிக்கொண்டார்கள். அத்தைக்கு முன்னால்தான் இடம். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால், நம் ஊரில் டிரைவர் உட்காருகிற பக்கத்தில் அத்தை கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

கிரிவலப் பாதையில் இளநீர்க்காரர் ஒருவர் அவளைப் பார்த்து அலறினார். "யம்மா, ஸ்டியரிங்கப் புடிம்மா!"

அத்தை சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

"பயமா இருக்குதுங்களா?" என்று ஓட்டிக்கொண்டிருந்த சொந்தக்காரர் கேட்டார்.

"நான்தானே ஓட்டறேன், எனக்கென்ன பயம்?"

மலையைச் சுற்றி முடிக்கும்வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்குவதிலேயே குறியாக இருந்தேன்.

திரும்பி வந்ததும் அப்பா பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. "அப்ப நாங்க சொல்லியனுப்பறோங்க" என்று கும்பிட்டார்.

"அவங்க சொல்லட்டுங்க" என்று அவர் அத்தையைப் பார்த்தார்.

அத்தை குனிந்துகொண்டாள். "எனக்கு வண்டி புடிச்சிருக்குண்ணா."

"அப்ப வாங்கிடலாம்ப்பா!" என்று நான் குதித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். காரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினோம்.

வழியெல்லாம் அழுதேன். இவ்வளவு பிடித்த காரை வாங்காமல் விட்டுவருகிறோமே என்று என்னைவிட அதிகம் அழ வேண்டியவள், என்னை மடியில் வைத்துக்கொண்டு ஏன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.