ஆணியில் தொங்கிய வில்லை

அமலராணி என் அண்ணன் ராயப்பராஜின் மகள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். மில்லின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் போய்வருகிறாள். பிரிட்டோவின் பெயரைச் சொல்வேன். சொந்தக்காரனைத் திட்ட எனக்கு யாரிடமும் உத்தரவு வேண்டாம்.

பிரிட்டோ, அமலராணியின் வீட்டுக்காரர் ஆண்டனிராஜுக்குச் சித்தப்பா மகன். அவளுக்குக் கொழுந்தன். அவள் நிற்கும் பகுதிக்கு அவன்தான் சூப்பர்வைசர். அங்கே நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். அவன் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பித்தளை வில்லை. ஒன்றுக்குப் போக வேண்டுமானால் அந்த வில்லையை அவன் கையால் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். போனவள் திரும்பிவந்து கொடுத்தால்தான் அடுத்தவள். நாற்பது பேருக்கும் அந்த ஒன்றுதான்.

அதனால் அந்தப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசிக்குள் நின்றுகொண்டு, நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. அமலராணிக்கு இரண்டு வருடமாக நீர்க்கடுப்பு. மோர் குடித்தாள், இளநீர் குடித்தாள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். டவுனில் பார்த்த டாக்டரம்மா, "இப்படியே தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி போயிரும்மா" என்று சொல்லிவிட்டார்.

போன தை மாதம், லீவே போடாத பத்துப் பெண்களைப் பொறுக்கியெடுத்து, மூன்று நாள் யோகாவுக்குச் சிறுமலைக்கு அனுப்பியது மில். திரும்பிவந்தவள் என்னிடம், "அத்தை, அங்க உக்காந்து காப்பி குடிச்சேன். முழுசா ஒரு டம்ளரு, ஆறாம குடிச்சேன்" என்றாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது. நாற்பத்திரண்டு வயதுக்காரி, காப்பியைச் சூடாகக் குடித்ததைப் பெருமையாகச் சொல்கிறாளே!

யோகா சொல்லிக்கொடுத்த அம்மா, பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம், சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டால் போதும் என்றாராம். எழுந்திருக்குமுன் நிதானமாகப் பத்து மூச்சு. உட்கார்ந்து சாப்பாடு. மணிக்கொரு டம்ளர் தண்ணீர்.

வீட்டில் முதலில் ஆரம்பித்தாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியே அள்ளிப்போட்டுக்கொண்டு மில் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், புருஷனுக்கு எதிரே தட்டைப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெஞ்சனம்?" என்றார் ஆண்டனிராஜ், தொட்டுக்கொள்ள ஏதுமில்லாத தன் தட்டைப் பார்த்து.

"சட்டியில இருக்கு. கைக்கு எட்டும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் கை எட்டியது.

மில்லில் அப்படி நடக்கவில்லை. பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் மணிக்கொரு தரம் குடித்தாள். குடித்தால் போகத்தானே வேண்டும்? இரண்டாவது தடவை வில்லை கேட்டபோது பிரிட்டோ சிரித்தான்.

"என்ன மதினி, மலையில யோகா சொல்லிக் குடுத்தாகளா, ஒன்னுக்குப் போகச் சொல்லிக் குடுத்தாகளா?"

"ரெண்டுந்தான் தம்பி. வில்லையக் குடுங்க."

"ஷிப்டுக்கு ஒரு தடவைதான். ஒங்களுக்குக் குடுத்தா அம்புட்டுப் பேரும் கேப்பாக."

ஒரு வியாழக்கிழமை, வில்லை ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. போனவள் யாருமில்லை. அவள் கேட்டாள். "செத்த நேரம் பொறுங்க" என்றான். மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பேச்சு. முக்கால் மணி நேரம் கழித்து, மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவள் சேலை நனைந்துபோயிற்று. பக்கத்து மிஷின் சிவனம்மாள் தன் துண்டை அவள் இடுப்பில் சுற்றிவிட்டாள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது சிவனம்மாள்தான். பஸ்ஸில் இடமிருந்தும் அமலராணி உட்காரவில்லையாம், சீட் நனையும் என்று. மில் வாசலில் பெரிய பேனர். சிறுமலையில் எடுத்தது, கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் அமலராணியின் படம். கீழே, 'நிம்மதியான தொழிலாளி, நேர்த்தியான நூல்.' அதைத் தாண்டித்தான் பஸ் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அமலராணிக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவளைப் பார்க்கப் போனேன். அப்போது எல்லாரும் ஒரே வீடு. விடியுமுன் கிணற்றடியில் ஒரு பாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். "யாரு நனைச்சது?" என்றேன். "தண்ணி கொட்டிருச்சு அத்தை" என்றாள். எனக்கா தெரியாது? அது பிரிட்டோவின் பாய். அவனுக்கு அப்போது எட்டு வயது. அவன் அப்பன் கையில் பெல்ட் இருக்கும் என்று, தினமும் அப்பன் எழுமுன் கழுவிக் காயப்போட்டவள் அவள். ஒரு வருடம் கழுவினாள். ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. அவள் சொல்ல மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

அந்த வியாழனுக்கு மறுநாள் அமலராணி வேலைக்குப் போனாள். மிஷின் ஓடத் தொடங்கியதும், இரண்டு மிஷினுக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அறுந்த நூலை ஒட்ட ஆளில்லை. ஒன்று அறுந்தது, பத்து அறுந்தது, அப்புறம் எண்ண முடியவில்லை.

"மதினி! நூலு அம்புட்டும் போகுது!"

"மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. பேச்சுக் குடுக்காதீக."

"எந்திரிங்க, மேனேஜர் வாராரு!"

"வரட்டும். படத்துல இருக்க மாதிரிதான இருக்கேன்?"

சிவனம்மாள், "போட்டோக்காரர வரச் சொல்லுங்க சார், இன்னிக்கு நல்லா உக்காந்திருக்கா" என்றபடி தானும் ஒரு சாக்கை விரித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

மேனேஜர் வந்தார். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் மில்லைப் பார்க்க வருவதாக இருந்தது. வாசலில் படமாக இருப்பவளை வெளியே தள்ளவும் முடியாது.

"ஒனக்கு என்னம்மா வேணும்?"

"ஒன்னும் வேணாம் சார். அந்த ஆணி வேணாம்."

நாற்பது பெண்களின் முன்னால், பிரிட்டோவே குறடு எடுத்துவந்து பிடுங்கினான். பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் மறுநாள் மில் பக்கமே வந்திருக்க மாட்டான். அவள் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோன மறுநாளே வாசலிலிருந்து அவள் படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆணி மறுபடி வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாதாகோயில் பூசை முடிந்து பிரிட்டோ அமலராணி வீட்டுக்கு வந்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி, எப்போதும்போல. நானும் அவளும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். "ஏலே, எட்டு வயசுல..." என்று வாயெடுத்தேன்.

"அத்தை, தண்ணி குடிங்க" என்று டம்ளரை என் பக்கம் தள்ளினாள் அமலராணி. நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

பிரிட்டோ நின்றுகொண்டே கேட்டான். "இன்னும் கோவமா மதினி?"

அவள் தன் தட்டுக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கோவந்தான். தட்டு அங்க இருக்கு. எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க."