சேனை வைக்க அழைத்த வீடு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஐந்து, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். ஊர்ப் பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை. கோச்சடைக்கு மேற்கே ஒரு பால்வாடியில் ஆயாவாக இருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடுகளுக்கு மாதாமாதம் சத்துமாவு கொண்டுபோய்க் கொடுத்து, உடம்பை விசாரித்து வருவதும் என் வேலைதான்.

போகிற வழியில் ஒரு பெரிய வீடு. எங்கள் ஆட்கள் தலைமுறையாக அவர்கள் வயலில் நாற்று நட்டவர்கள். யாரும் வாசலைத் தாண்டியதில்லை. நானும் மாவை வாசற்படியில்தான் வைப்பேன். பிரசவத்துக்கு வந்திருந்த அந்த வீட்டு மகள் வந்து எடுத்துக்கொள்வாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் காலையில் போனபோது, நர்சம்மா பிரசவம் பார்த்துவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தார். ஆண்பிள்ளை. பெற்றவளின் தாய், அந்த வீட்டம்மா, வாசலுக்கே வந்தார்.

“ஏத்தா, உள்ள வா. பேரனுக்கு நீதான் சேனை வைக்கணும்.”

வாசற்படியிலேயே நின்றேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

“நானாம்மா?”

“மழை வெயிலு பாக்காம வந்தியே, அந்தப் பொறுமை வரட்டும். சம்பந்தியம்மா வச்சா வாய்தான் வரும்.”

உள்ளே படுத்திருந்த மகள் சிரிப்பது கேட்டது.

உள்ளே போனேன். வீட்டம்மா சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். என் ஆத்தாவுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் கிடைக்காத மரியாதை அது. ஆனால் தாய்ப்பாலுக்கு முன்னால் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தவள் நான். வயிற்றாலே போய்ப் பச்சைப்பிள்ளை அடங்கிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடிசையில் ஒரு பேச்சு, பெரிய வீட்டில் ஒரு பேச்சா?

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். “வேணாம்மா. மொதல்ல தாய்ப்பாலக் குடுக்கட்டும்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. “எம்புட்டு ஆசையாக் கூப்பிட்டேன். ஒனக்கு அம்புட்டு ராங்கியா?”

மகள் பக்கத்தில் கிடந்த பிள்ளையை எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். அது தேடி, நழுவி, பிறகு பிடித்துக்கொண்டது. அது குடிப்பதைப் பார்த்த பிறகே வெளியே வந்தேன்.

அதன்பின் அந்த வீட்டம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. எடை பார்க்கப் போகும்போதெல்லாம் வாசலில் நின்றேன். மகள் பிள்ளையைத் தூக்கி வருவாள். வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தலை மட்டும் குனியவில்லை.

இதையெல்லாம் எழுத்துக் கூட்டி நானே எழுதிவிட்டேன். இப்போது பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

“இங்க வா தாயி. இத ஒரக்க வாசி. நான் வேணாம்னு சொன்னது தெளிவா விழுந்திருக்கான்னு கேக்கணும்.”